துடக்கு வீட்டில் ஒரு பனிக்கோடரி

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் −19. வெயில் அடிக்கிறது, பெயருக்கு. வெளிப்படிக்குப் பனி உருக உப்புப் போட்டாயிற்று. பால் முடிந்துவிட்டது, தெப்பனர் கடைக்குப் போகவேண்டும். போக மனமில்லை.

பனியேற்ற விழாவுக்கு இன்னும் ஐந்து கிழமை. பெப்ரவரி 7, சனி. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துப் பார்த்தேன். இருப்பவை: பனிக்கோடரி இரண்டு (ஒன்றின் பிடியில் பட்டி கழன்றிருக்கிறது), சப்பாத்தில் மாட்டும் இரும்புப் பற்கள் ஒரு சோடி, இடுப்புப் பட்டி, தலைக்கவசம். இல்லாதவை: நல்ல கையுறை, மூச்சு, தோளில் பலம்.

போன வருடம் மணிக்கு ஓர் ஆள் உயரம் கீழே கை விட்டுவிட்டது. பனிச்சுவரின் உச்சியில் ஒரு மாட்டு மணி கட்டிவிடுவார்கள். ஏறி முடித்தவர் அடிக்கலாம். பரிசு, பட்டம் ஒன்றும் கிடையாது. பத்து வயதுப் பிள்ளைகள்கூட அடித்தார்கள். நான் கயிற்றில் தொங்கியபடி அதை அண்ணாந்து பார்த்தேன், பிறகு என்னை இறக்கிவிட்டார்கள். ஒரு வருடமாக அந்த மணி மண்டைக்குள்ளேயே கிடக்கிறது. நாற்பத்தாறு வயதில் வந்த ஆசையைப் பார்.

பின்னேரம் இவரின் தங்கை கலா பியர்பொன்ட்ஸிலிருந்து தொ.பே. எடுத்தாள். ஜோடி ஏற்றத்துக்கு தன் பெயரையும் என் பெயரையும் கொடுத்துவிட்டாளாம். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு நாள் யோசித்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். சந்தோஷம்தான், ஆனால் அவளை ஒரு பாட்டம் ஏசிவிட்டுத்தான் வைத்தேன்.

ஜனவரி 8, வியாழன்

வேலை முடிய ஐந்து மணி. கார்தெரிக் காப்பகத்தில் இன்று பிள்ளைகளுக்குப் பருப்புச் சூப். ஒருவன் மட்டும் மூன்று கிண்ணம் குடித்தான். சமைப்பவளுக்கு அது போதும்.

அங்கிருந்து நேரே ஏறும் கூடத்துக்கு. இவர்தான் கொண்டுபோய் விட்டார். துறைமுகத்தில் விடிய நாலரைக்கு லொறி எடுக்கிற மனிதர், பின்னேரம் ஆறு மணிக்கு எனக்குச் சாரதி. வாங்கில் உட்கார்ந்து தூங்குவது வழக்கம். இன்று பயிற்சிக்காரி சில்வி விடவில்லை. சும்மா இருக்கிறீர்களே, கீழே நின்று கயிறு பிடிக்கப் பழகுங்கள் என்று எழுப்பிவிட்டாள். ஏறுபவருக்கு ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொள்ளவேண்டும், விழுந்தால் பிடித்துக்கொள்ளவேண்டும். அதுதான் வேலை. இருபது வருடம் கொண்டெய்னருக்குச் சங்கிலி போட்டு இறுக்கிய கை. முடிச்சைப் பார்த்துவிட்டு சில்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே நாளில் தேர்ச்சி. கலாவை ஏற்றி இறக்கினார். சில்வியை ஏற்றி இறக்கினார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை, மறைக்கப் பார்த்தார்.

நான் போய் என் கயிற்றை நீட்டினேன். வாங்கவில்லை.

"தங்கச்சியைப் பிடிக்கிறன். ஆரையெண்டாலும் பிடிக்கிறன். உம்மைப் பிடிக்க மாட்டன்."

"ஏன்?"

"கை நடுங்கும்."

அதோடு வாங்குக்குப் போய்விட்டார். கலா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இவர் சொன்ன இனிப்பான வார்த்தைகளை ஒரு கையில் எண்ணலாம். இதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமோ தெரியவில்லை.

ஜனவரி 10, சனி

−16, காற்று. வெளியில் முதல் பயிற்சி. வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். பழைய கல்லுடைத்த பாறை, விழா நடக்கிற அதே இடம். மேலேயிருந்து குழாயால் தண்ணீர் விட்டு விட்டுச் சுவரை உறையவைக்கிறார்கள். இன்னும் மெல்லிசு. கோடரி போட்டால் கீழே பாறை கேட்கிறது.

பாதி ஏறினேன். மூக்குத்தி குளிரில் கடிக்கிறது. அடுத்த முறை கழற்றிவைக்கவேண்டும். இறங்கிய பிறகுதான் கொடுமை: விறைத்த கைக்குள் இரத்தம் திரும்பி வருகிற நோ. பிள்ளை பெற்றபோதுகூட இப்படிக் கத்தவில்லை. "அம்மா" என்று கத்திய கத்தில், அது என்ன வார்த்தை என்று சில்வி கேட்டாள். மகள் மதுரா மொழிபெயர்த்தாள். அவளுக்கு வயது பதினைந்து, என்னோடு வந்ததற்கே வெட்கப்படுகிற வயது, ஆனாலும் வந்து என் கையைத் தன் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கினாள்.

"மமாங், உனக்கு விசரா?" இரண்டு மொழியும் கலந்த அன்பு.

வரும் வழியில் கடலை வறுவல், பிளாஸ்கில் தேத்தண்ணி. நல்ல நாள். தோள் இரண்டும் என்னுடையவை இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

விடியக் காலமே ரொறன்ரோவிலிருந்து செய்தி. இவரின் பெரியப்பா போய்விட்டார். தொண்ணூற்றொரு வயது. இரவு சாப்பிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை. நல்ல சாவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இவர் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, வேலைச் சப்பாத்தைப் போட்டபடி நெடுநேரம் கதிரையில் இருந்தார்.

எனக்கு அவரை இரண்டு முறை கண்ட பழக்கம்தான். இவருக்கு அப்படியில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைகள், கலாவும் இவரும். பெரியப்பா கூப்பிட்டிருக்காவிட்டால் இவர் கனடாவைப் படத்தில்தான் பார்த்திருப்பார். வந்த முதல் மாரியில் தன் கோட்டைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டு, கிழவர் இரண்டு ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனாராம். அந்தக் கோட் இன்னும் அலுமாரியில் தொங்குகிறது. எனக்கு இடம் காணாதபோதெல்லாம் அதைத்தான் முறைப்பேன். இன்று முறைக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். எங்களுக்கு இல்லை. துடக்கு. சாவுத் தீட்டு, முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை கோயில் இல்லை, விளக்கு இல்லை, மச்சம் மாமிசம் இல்லை, கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்.

கலா தன் வீட்டில் பொங்கினாள். இதில்தான் வேடிக்கை. கல்யாணம் கட்டிப்போன பெண்ணுக்கு இந்தப் பக்கத்துத் துடக்கு இல்லையாம். பெரியப்பாவின் மடியில் வளர்ந்தவள் சுத்தம். இரண்டு முறை வணக்கம் சொன்ன நான் துடக்கு. பின்னேரம் ஒரு டப்பாவோடு வந்து கீழே காரிலேயே இருந்தாள், மேலே வரவில்லை. மதுரா இறங்கிப்போய்க் காருக்குள்ளேயே இருந்து தின்றுவிட்டு வந்தாள். அவளுக்கும் துடக்குத்தான். நான் கண்டுகொள்ளவில்லை, இவரும் கண்டுகொள்ளவில்லை.

நாளைக்கு ரொறன்ரோ. கறுப்புச் சப்பாத்து துடைக்க. மதுராவுக்கு நீளக் கால்சட்டை.

ஜனவரி 18, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. போக ஆறு மணித்தியாலம், வர ஒன்பது. வழியெல்லாம் பனிப்புயல்.

செத்தவீட்டில் நிறையச் சனம். தம்பி பிள்ளைகளான பெறாமக்கள் வரிசையில் இவர் முன்னுக்கு நின்றார். கலா அழுதாள், இவர் அழவில்லை. திரும்பி வரும்போது கிங்ஸ்டன் தாண்டி ஓரிடத்தில் பெற்றோல் அடிக்க நிறுத்தினார். போனவர் வரக் காணோம். போய்ப் பார்த்தால் கார் கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கோப்பி வாங்கிக் கொடுத்தேன். குடித்தார்.

ஜனவரி 20, செவ்வாய்

−22. பைப்பில் தண்ணீர் நூல்போல வருகிறது.

இன்று கணக்குப் பார்த்தேன். இதுவரை வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேன். முப்பத்தொன்று வருவது பெப்ரவரி 12. விழா 7.

சாப்பிடும்போது இவரே சொன்னார், தட்டைப் பார்த்தபடி.

"அந்த ஐஸ் விழா. போறதெண்டால் போம். நான் மறிக்கேல்லை."

மறித்திருந்தால் நல்லது. சண்டை பிடித்திருக்கலாம். அந்த மனிதரை எனக்குத் தெரியாது, நான் ஏன் என்று கேட்டிருக்கலாம். இப்படிக் கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் எப்படிப் போவது? ஒரு மாதம் இறைச்சி தொடாமல், சுவாமி அறைத் திரையை மூடிவிட்டு, இந்த மனிதர் தன்னால் ஆன விதத்தில் துக்கம் காக்கிறார். நான் அந்த நேரத்தில் சனத்தின் கைதட்டலுக்கு நடுவில் மணி அடிக்கவா?

போகவில்லை என்று முடிவு. எழுதும்போதே எரிச்சலாக வருகிறது. இது யாருக்கும் கேட்காது என்பதால் எழுதுகிறேன்: எனக்கு அந்த மணி வேண்டும்.

ஜனவரி 22, வியாழன்

கலாவிடம் சொன்னேன். தொலைபேசியில் நெருப்பு. பெரியப்பா அவளுக்குத்தான் இரத்தம், எனக்கு யார் என்று கேட்டாள். உங்கள் அண்ணைக்கு அவர் யாரோ, அதுதான் எனக்கும் என்றேன். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தாள். கோயில் ஐயருக்கே அடித்துக் கேட்டிருக்கிறாள். நான் தலையில் கைவைத்தேன். ஐயருக்கு முதலில் பனியேற்றம் என்றால் என்னவென்று விளக்கவே கால்மணி போயிருக்கிறது.

"ஐயர் சொல்லுறார், துடக்குக்காரர் கோயிலுக்குப் போகேலாது, கொண்டாட்டத்துக்குப் போகேலாது, வேலைக்குப் போகலாம். ஐஸில ஏறுறது இதில எதுக்குள்ள வரும் எண்டு தனக்குத் தெரியாதாம். பேந்து கேட்டவர், பிள்ளை, விழுந்தா நோகாதோ எண்டு."

நல்ல மனிதர். சிரித்து முடியக் கொஞ்சநேரம் எடுத்தது.

ஜனவரி 23, வெள்ளி

மெட்ரோவில் நிற்கும்போது பிடித்த யோசனை. ஐயர் வழி காட்டிவிட்டாரே, எங்களுக்குத்தான் பிடிபடவில்லை. வேலைக்குப் போகலாம்.

விழாவுக்கு வேலையாள் வேண்டுமென்று சில்வி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சம்பளம் இல்லாத வேலை. பிள்ளைகளின் சின்னச் சுவரடியில் நாள் முழுக்க நின்று கயிறு பிடிக்கவேண்டும். ஏறக்கூடாது. ஏறுவது கொண்டாட்டம், கயிறு பிடிப்பது வேலை. நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன்.

"நீங்கள் துடக்கோட லொறி ஓடுறியள்தானே?"

"அது வேலையப்பா."

"நானும் வேலைக்குத்தான் போறன்."

இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, அங்கே மேசை வாங்கு தூக்க ஆள் காணுமோ என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

மணி போய்விட்டது, உண்மை. ஆனால் அந்த இடத்தில் நிற்பேன், அந்தக் குளிர், கோடரிச் சத்தம், புகை. படுக்கும்போது மனம் லேசாக இருந்தது. கலாவுக்கு ஜோடியாகச் சில்வியே ஏறுவாளாம்.

ஜனவரி 26, திங்கள்

கார்தெரியில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமன். எனக்கும் தொண்டை கரகர. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

விழாவில் வேலை செய்பவர்களுக்கு ரோல்ஸ் செய்து தருவதாக டிசம்பரிலேயே வாக்குக் கொடுத்தது இன்று நினைவு வந்தது. துடக்கு வீட்டுச் சமையலைப் பிறருக்குக் கொடுக்கிறதில்லை. அங்கே வருகிற வெள்ளைகளுக்குத் தெரியவா போகிறது என்கிறாள் மதுரா. எனக்குத் தெரியுமே. கலா வீட்டு அடுப்பில் கலா பொரிப்பாள், நான் தொ.பே.யில் உப்புச் சொல்வேன். மரக்கறி ரோல்ஸ். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், மிளகு தூக்கலாக.

ஜனவரி 29, வியாழன்

+4. மழை. ஜனவரியில் மழை. தெருவெல்லாம் சேறும் தண்ணீரும், சப்பாத்துக்குள் குளம்.

சில்வி படம் அனுப்பியிருக்கிறாள். சுவரின் ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்துவிட்டது. நீலமாக இருந்தது சாம்பலாகிவிட்டது. மூன்று நாளில் குளிர் திரும்பாவிட்டால் விழா இல்லையாம்.

உருகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எனக்கில்லாத மணி ஒருவருக்கும் வேண்டாம் என்று. பிறகு கலாவின் முகம் நினைவு வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. நாளைக்கு −12 என்கிறது வானிலை. வரட்டும்.

பெப்ரவரி 1, ஞாயிறு

−17. நல்ல குளிர். இப்படி ஒருநாள் குளிருக்குச் சந்தோஷப்படுவேன் என்று வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

சுவரைத் திரும்ப வளர்க்க ஆள் வேண்டுமென்று சில்வி கேட்டாள். நானும் இவரும் போனோம். மேலே பாறை விளிம்பில் நின்று குழாயால் மெல்லிசாகத் தண்ணீர் தெளிக்கவேண்டும், உறைய விடவேண்டும், திரும்பத் தெளிக்கவேண்டும். அவசரப்பட்டு நிறைய விட்டால் வழிந்து ஓடிவிடும், ஒட்டாது. குழாயை நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் உள்ளுக்குள்ளேயே உறைந்துவிடும். எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பொறுமையாகச் சட்டியில் தோசை மா ஊற்றுகிற மாதிரி.

இவர் நாள் முழுக்கக் குழாய் இழுத்தார். கன்னமெல்லாம் பனி. பெரியப்பாவின் கோட். அலுமாரியிலிருந்து அதை எடுத்தது எனக்குத் தெரியாது. நீளம், முழங்கால் வரை, பழைய நாற்றம். கதகதப்பாம்.

திரும்புமுன் சுவரடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். உச்சியில் மணி கட்டுகிற கொளுக்கி மட்டும் தெரிந்தது.

"இதிலையோ போன முறை நிண்டனீர்?"

ஓம் என்றேன். இன்னும் கொஞ்சம் பார்த்தார். வான் வண்டியில் ஏறினோம். வரும் வழி முழுக்க வானொலியில் ஹொக்கி.

பெப்ரவரி 5, வியாழன்

கொண்டுபோக:
கம்பளிக் காலுறை 3 சோடி
கையுறை 3 (இரண்டு நனையும்)
கைக்குள் வைக்கும் சூட்டுப் பை
பிளாஸ்க் பெரியது
கடலை
இவரின் முதுகுத் தைலம்
மூக்குத்தி கழற்ற
கோடரி, இரும்புப் பல்

கடைசி வரியை எழுதிவிட்டு வெட்டினேன். கயிறு பிடிக்க எதற்குக் கோடரி. பிறகு பார்த்தால், வானின் பின்னுக்கு இவரே பெட்டியை ஏற்றியிருக்கிறார், முழுதாக. கேட்டதற்கு, பெட்டியைப் பிரிக்க நேரமில்லை என்றார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

நேற்று வந்து விழுந்து படுத்தது. இன்று பத்து மணிக்கு எழும்பினேன். உடம்பில் நோகாத இடம் காது மட்டும். தேத்தண்ணி இரண்டாவது கோப்பை. எல்லாவற்றையும் எழுதிவிடவேண்டும், மறக்குமுன்.

−14, வெயில், காற்று துளியும் இல்லை. சனம் நிறைய. நெருப்பு வளர்த்திருந்தார்கள். இவர் வந்த கையோடு மேசை தூக்கினார், விறகு தூக்கினார், ஒருவரும் கேட்காமலே வாகனம் நிறுத்துகிற இடத்துக்கும் பொறுப்பெடுத்துவிட்டார். துறைமுகத்துப் பழக்கம். கனடாக்காரர் எல்லாம் இவர் கை காட்டிய இடத்தில் ஒழுங்காக நிறுத்தினார்கள்.

நான் சின்னச் சுவரடியில். எத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன் தெரியாது. ஒரு சிறுமி பாதியில் பயந்துபோய் அழுதாள். மெல்ல மெல்ல, கால் முதல், பிறகு கை என்று சொல்லிக் கொடுத்தேன், என் பிரெஞ்சில். ஏறிவிட்டாள். இறங்கியதும் என் வயிற்றைக் கட்டிப்பிடித்தாள். கலாவின் ரோல்ஸ் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. உப்புச் சரியாக இருந்ததாம், சொன்னவள் நானே.

இரண்டு மணிக்குக் கலாவும் சில்வியும் ஏறினார்கள். கலா நடுவில் இரண்டு முறை வழுக்கினாள், விழவில்லை. மேலே போய் மணியை அடித்த அடியில் பாறையெல்லாம் அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். சந்தோஷம் பாதி. மற்றப் பாதி என்னவென்று எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு வெயில் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. சனம் கலையத் தொடங்கியது. கயிறுகளைக் கழற்றி, பலகைகளைப் பிடுங்கி, நெருப்பை அடக்கி. அப்போதுதான் சில்வி பெரிய சுவரை அண்ணாந்து பார்த்தாள். மணி இன்னும் மேலே, விளிம்பில் நின்றால் கை எட்டாத இடத்தில். யாராவது ஏறிக் கழற்றிவரவேண்டும், பிறகுதான் அந்தக் கயிற்றையும் இழுக்கலாம். அவளுக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு கயிறு இருக்கிறது. கலா தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், விரல்கள் மடங்கவில்லை. எல்லோரும் நாள் முழுக்க ஏறிக் களைத்தவர்கள். ஏறத் தெரிந்தும் அன்று கோடரி பிடிக்காத கை அங்கே ஒன்றுதான் இருந்தது.

சில்வி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் துடக்கு பற்றி மதுரா ஏற்கனவே சொல்லியிருந்தாள், அதனால் ஒன்றும் கேட்கவில்லை. நான் இவரைப் பார்க்கவில்லை. பனியில் இருந்த ஏதோ கயிற்றுத்துண்டைக் குனிந்து எடுத்தேன், எடுக்கத் தேவையில்லாத துண்டு.

இவர் பெரியப்பாவின் கோட்டுக்குள் கையை விட்டபடி நின்றார். பிறகு,

"அது வேலைதானே" என்றார். "ஏறும்."

கலா வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் வானுக்குப் போய்ப் பெட்டியோடு வந்தார். இரும்புப் பல்லை நானே மாட்டினேன், பட்டியை இறுக்கினேன். யார் பிடிக்கிறது என்று நான் சுற்றுமுற்றும் பார்க்கையில் கயிற்றின் மறுமுனை இவர் இடுப்பில் ஏறியிருந்தது. முடிச்சை ஒருமுறை பார்த்தார். என் முடிச்சையும் குனிந்து பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"நான் பிடிக்கிறன்."

ஏறினேன். பனி நல்ல பதம், கோடரி ஒரே போடில் இறங்கியது. முதல் பாதி நினைவே இல்லை. நடுவில் மூச்சு முட்டியது, நெற்றியைப் பனியில் வைத்து நின்றேன். கயிறு இறுக்கமாக மேலே போனது, ஒரு சாண் தளர்வில்லை. இவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, பழகியவர்கள் கொஞ்சம் விடுவார்கள். இவர் விடவில்லை. போன வருடம் கை விட்ட இடம் வந்தது. அதே இடம்தான், பாறை ஒரு மூக்குமாதிரித் துருத்தியிருக்கும். தோள் எரிந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை. கைதட்ட ஆள் இல்லை, கூட்டம் போய்விட்டது. கால் முதல், பிறகு கை. அந்தச் சிறுமிக்குச் சொன்னதை எனக்குச் சொன்னேன்.

பிறகு மணி. மூக்குக்கு நேரே. வாயில் பனி பிடித்து, பழைய மாட்டு மணி, ஒரு கிண்ணம் அளவு.

அடிக்கவில்லை. கையை நீட்டினேன், மணியின் நாக்கைப் பிடித்தேன். ஒரு கையுறையைக் கழற்றி உள்ளே திணித்தேன், சத்தம் வராதபடி. கொளுக்கியிலிருந்து மணியைக் கழற்றி இடுப்புப் பட்டியில் மாட்டினேன். வேலைக்கு வந்தவள், வேலையை முடித்தேன். கொஞ்சநேரம் அங்கேயே இருந்து சுற்றிப் பார்த்தேன். காடு முழுக்க வெள்ளை, தூரத்தில் ஆறு. போதும் என்று இருந்தது. உண்மையாகவே போதும்.

"இறக்குங்கோ" என்றேன்.

கால்பங்கு இறங்கியிருப்பேன். கையுறை நழுவி விழுந்துவிட்டது. பிடிக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. அதற்குப் பிறகு நான் சுவரில் கால் உதைக்கிற ஒவ்வொரு முறையும் மணி அடித்தது. அடக்கக் கையில்லை, இரண்டு கையிலும் கோடரி. கீழே வரும்வரை அடித்தது. பாறை முழுக்க எதிரொலி. நெருப்படியில் மிஞ்சி நின்றவர்கள் திரும்பிப் பார்த்து, அவர்களாகவே கைதட்டினார்கள்.

கால் நிலத்தில் பட்டதும் இவர் என் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்கக் கொஞ்சநேரம் எடுத்தது. கை நடுங்கினதோ என்று கேட்டேன்.

"ஓம்."

பனியில் கிடந்த கையுறையை எடுத்துத் தட்டி என் கையில் மாட்டிவிட்டார், மதுராவுக்குச் சின்னவயதில் மாட்டிவிட்ட மாதிரி, விரல் விரலாக.

அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து சில்வி, யார் மணி அடித்தது என்று கத்திக் கேட்டாள். இவர் தன் துறைமுகத்துப் பிரெஞ்சில் "லு வாங்" என்று திருப்பிக் கத்தினார். பிறகு எனக்கும் கலாவுக்குமாகத் தமிழில், வலு சீரியஸாக,

"காத்து" என்றார்.

நெருப்புப் புகை நூல் பிடித்தமாதிரி நேரே மேலே போய்க்கொண்டிருந்தது.